பவுலர்னா சூதாட்டம், பேட்ஸ்மேன்னா முதலீடா? ஏலக் கணக்கு பற்றி ஒரு குறிப்பு

போன தடைக்காலத்துல மண்டபம் பக்கம் ஒரு டென்னிஸ் பால் டோர்னமெண்ட் பார்க்கப் போயிருந்தேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் எங்க கரையோரத்துல இளவட்டங்களுக்கு கிரிக்கெட்தான். தெரிஞ்ச தம்பி ஒருத்தன், பத்தொன்பது வயசு, நல்லா வேகமா போடுவான். ஆட்டம் முடிஞ்சதும் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். "அண்ணே, பவுலிங்கை விட்டுட்டு பேட்டிங் பக்கம் போயிரவா?" என்றான்.

ஏன்டா என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னான். ஒண்ணு, ஒரு தேர்வு முகாமுக்குப் போயிருக்கிறான், ஆறு பந்து போடச் சொல்லிவிட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது, யூட்யூப்ல யாரோ "புள்ளிவிவரப்படி" பேசியிருக்கிறார்: ஐபிஎல் அணிகள் புதுப் பையன்களை எடுக்கும்போது பேட்ஸ்மேன்தான் பாதுகாப்பான முதலீடு, பவுலர் என்றால் சூதாட்டம், அமெரிக்காவில் பேஸ்பால்காரர்கள் இதை எப்போதோ நிரூபித்துவிட்டார்கள்.

இந்த வாதத்தை நானும் பல இடங்களில் படித்திருக்கிறேன். முழுப் பொய் இல்லை. ஆனால் அரைகுறையாகப் புரிந்துகொண்ட உண்மை. ஒரு பையன் அதை நம்பித் தன் கையில் இருக்கிற வித்தையை விடப்போகிறான் என்றபோதுதான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தக் குறிப்பு.

பேஸ்பால்காரர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள்?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் டிராஃப்ட் 1965ல் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் ஆடுகிற பையன்களை அணிகள் வரிசை வைத்துத் தேர்ந்தெடுக்கும். ஏலம் கிடையாது. முன்வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. 1980களில் பில் ஜேம்ஸ் என்ற எழுத்தாளர் அந்த இருபது வருடத் தேர்வுகளையும் எடுத்துக் கணக்குப் போட்டார். பள்ளிக்கூடப் பையன்களைவிட கல்லூரிப் பையன்கள் கொடுத்த இடத்துக்கு நல்ல பலன் தந்தார்கள் என்று காட்டினார். பிறகு 2003ல் வந்த மைக்கேல் லூயிஸின் 'மணிபால்' புத்தகம் இந்தப் பார்வையை ஊர் முழுக்கப் பரப்பியது. பள்ளிக்கூட பிட்சரை முதல் ரவுண்டில் எடுப்பதுதான் பெரிய முட்டாள்தனம் என்பது அப்போதிருந்து ஒரு வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. பிட்சரின் தோளும் முழங்கையும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. 1991ல் நியூயார்க் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லர் பள்ளிக்கூட பிட்சர். ஒரு சண்டையில் தோள் போனது. மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே முடிந்துபோனார். 2013ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட மார்க் ஆப்பல் கல்லூரி பிட்சர். அவர் மேஜர் லீக் மைதானத்தில் கால் வைக்க 2022 ஆனது.

ஆனால் எதிர்ப்பக்கம் பாருங்கள். 2006ல் ஏழாவது இடத்தில் எடுக்கப்பட்ட கிளேட்டன் கெர்ஷாவும் பள்ளிக்கூட பிட்சர்தான். மூன்று முறை சை யங் விருது வாங்கினார். பேட்டர் பக்கம் பார்த்தால், மைக் பியாஸா 1988ல் 1,390ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, கடைசியில் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். பேட்டர்களை மதிப்பிடுவது சுலபம் என்றால் இவரை 1,389 முறை எப்படித் தாண்டிப் போனார்கள்?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பில் ஜேம்ஸ் கணக்கு வெளியே வந்த பிறகு அணிகள் கல்லூரிப் பையன்களை முன்னாடியே எடுக்க ஆரம்பித்தன. பிற்காலத்தில் அதே கணக்கைத் திரும்பப் போட்டவர்கள், அந்த வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிட்டதைக் கண்டார்கள். அப்படியென்றால் ஜேம்ஸ் கண்டுபிடித்தது "கல்லூரிப் பையன் உசத்தி" என்கிற இயற்கை விதி இல்லை. "இன்றைய விலையில் கல்லூரிப் பையன் மலிவு" என்கிற சந்தை நிலவரம். சந்தை நிலவரம் மாறும். நம் ஆட்கள் மேற்கோள் காட்டும்போது இந்த 'இன்றைய விலையில்' என்ற வார்த்தையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நம்ம ஊர் டிராஃப்ட்

ஐபிஎல்லிலும் ஒரு டிராஃப்ட் நடந்தது, நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்காது. 2008ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை ஜெயித்த பையன்களை அப்படித்தான் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் டெல்லி அணி தன் ஊர்ப் பையனான விராட் கோலியை விட்டுவிட்டு, இடதுகை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். பவுலரை எடுத்து ஏமாந்த கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்று கேட்பார்கள்.

கொஞ்சம் பொறுங்க. அப்போது டெல்லியில் சேவாக், கம்பீர், டிவில்லியர்ஸ் இருந்தார்கள். இன்னொரு பேட்ஸ்மேன் வந்தால் உட்கார இடம் இல்லை. கோலி அந்த முதல் சீசனில் அடித்தது மொத்தம் 165 ரன். 2009ல் யாராவது அந்தத் தேர்வை மதிப்பிட்டிருந்தால் டெல்லி தப்பு செய்தது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 2016ல் கோலி ஒரே சீசனில் 973 ரன் அடித்த பிறகு பார்த்தால் அது வரலாற்றுப் பிழை. தேர்வு ஒன்றுதான். பார்க்கிற வருடம் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது. பவுலரா பேட்ஸ்மேனா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

தமிழ்நாட்டுக்கு வருவோம். டிஎன்பிஎல் 2016ல் தொடங்கியது. அதுவும் டிராஃப்ட் முறையில்தான் ஆட்களை எடுத்தது. 2023ல்தான் முதல்முறையாக ஏலம். எங்க மாவட்டத்துக்கு அணி கிடையாது. காரைக்குடிக்கு ஒன்று இருந்தது, பிறகு திருப்பூருக்குப் போய்விட்டது. மிச்சம் இருக்கிற பக்கத்து அணி மதுரை. அந்த டிஎன்பிஎல் வழியாக ஐபிஎல்லுக்குப் போன நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், இரண்டு பவுலர், இரண்டு பேட்ஸ்மேன்.

டி. நடராஜன். சேலம் சின்னப்பம்பட்டி, டென்னிஸ் பாலில் வளர்ந்தவர். 2017ல் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. மறுவருடம் ஹைதராபாத்துக்கு 40 லட்சத்துக்குப் போனார். 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2020ல் யார்க்கராகப் போட்டுத் தள்ளினார். அந்த ஆஸ்திரேலியப் பயணத்திலேயே மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு அறிமுகம். 2022ல் 4 கோடி. 2025க்கான ஏலத்தில் 10.75 கோடி.

வருண் சக்கரவர்த்தி. படித்தது கட்டடக்கலை. சின்ன வயதில் விக்கெட் கீப்பர், நடுவில் கிரிக்கெட்டையே விட்டுவிட்டார், பிறகு வேகப்பந்து, முழங்கால் அடிபட்டதும் சுழல். 2018ல் மதுரை அணிக்கு ஆடினார். 20 லட்சம் அடிப்படை விலையில் நின்றவரைப் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. ஐபிஎல்லில் அவர் போட்ட முதல் ஓவரில் 25 ரன். காயம் வேறு, அந்த சீசனில் அந்த ஒரே ஆட்டம்தான். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2020ல் டெல்லிக்கு எதிராக 5 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5.

சாய் சுதர்சன். 2021ல் கோவை அணிக்கு முதல் ஆட்டத்திலேயே 43 பந்தில் 87. 2022ல் குஜராத் அடிப்படை விலையான 20 லட்சத்துக்கு எடுத்தது. அடுத்த வருடம் டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை கொடுத்தது 21.6 லட்சம். ஐபிஎல் சம்பளத்தைவிட உள்ளூர் சம்பளம் அதிகம்! 2025ல் 759 ரன்னுடன் ஆரஞ்சுத் தொப்பி.

ஷாருக் கான். கடைசி ஓவர்களில் விளாசுகிறவர். 2021ல் 5.25 கோடி, 2022ல் 9 கோடி, பிறகு குஜராத்துக்கு 7.4 கோடி, 2025க்கு 4 கோடியில் தக்கவைப்பு.

இந்த நாலு பேரைப் பார்த்து "பவுலர் சூதாட்டம், பேட்ஸ்மேன் முதலீடு" என்று சொல்ல முடியுமா? நாலு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. இரண்டு பேட்ஸ்மேன்களில் மலிவாக வந்தவர்தான் கொட்டிக் கொடுத்தார். இரண்டு பவுலர்களும் முதலில் விலைக்கு வாங்கிய அணிக்குப் பயன்படவில்லை, பொறுத்து வைத்திருந்த அடுத்த அணிக்குப் பயன்பட்டார்கள். முதல் வருட விலையையும் முதல் வருட ஆட்டத்தையும் மட்டும் ஒப்பிடுகிற எந்தக் கணக்கிலும் நடராஜனும் வருணும் 'தோல்வி' என்றே பதிவாவார்கள்.

பந்துகளை எண்ணிப் பாருங்கள்

இங்கேதான் எனக்கு உண்மையான சண்டை. ஒரு டிஎன்பிஎல் அணிக்கு லீக் ஆட்டம் 7. ஒரு பவுலர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 24 பந்து. எல்லா ஆட்டத்திலும் நாலு ஓவரும் கொடுத்தால்கூட 168 பந்து. இதை வைத்துக்கொண்டு ஒருத்தரை எவ்வளவு தூரம் அளக்க முடியும்?

ஒரு சாதாரண பவுலரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை: 100 பந்தில் 37 டாட், 40ல் ஒரு ரன், 7ல் இரண்டு, 11 பவுண்டரி, 5 சிக்ஸர். சராசரி பந்துக்கு 1.28, அதாவது ஓவருக்கு ஏறக்குறைய 7.7. ஒவ்வொரு பந்தும் சராசரியில் இருந்து விலகுகிற அளவு, திட்டவிலக்கம் என்று பள்ளியில் படித்தோமே அது, சுமார் 1.6. 168 பந்துக்கு இதைப் போட்டால் அவருடைய எகானமி அதிர்ஷ்டத்தால் மட்டுமே 0.74 மேலே கீழே ஆடும். அதே ஆள், அதே திறமை, ஒரு சீசனில் 7.0, அடுத்த சீசனில் 8.4 என்று வரலாம். பேப்பரில் முதலாவது "கண்டுபிடிப்பு", இரண்டாவது "ஃபார்ம் அவுட்".

விக்கெட் இன்னும் மோசம். 18 பந்துக்கு ஒரு விக்கெட் எடுக்கிறவர் 168 பந்தில் 9 எடுப்பார், அது தற்செயலாகவே 3 கூடும் குறையும். 6 விக்கெட் எடுத்தவரும் 12 விக்கெட் எடுத்தவரும் ஒரே தரத்து ஆட்களாக இருக்கலாம். நாம் 12ஐப் பார்த்துக் கையை உயர்த்துகிறோம்.

பேட்ஸ்மேனுக்கு மட்டும் விதிவிலக்கா? தொடக்க ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு 25 பந்து ஆடினால் 7 ஆட்டத்தில் 175. அவருடைய ஸ்ட்ரைக் ரேட்டும் 12 புள்ளி அப்படி இப்படி ஆடும். 135க்கும் 147க்கும் வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். கடைசியில் வந்து 10 பந்து ஆடுகிறவருக்கு சீசனே 70 பந்துதான். அவரை அளப்பது பவுலரை அளப்பதைவிடக் கஷ்டம். ஷாருக் கான் மாதிரி ஆட்களின் விலை இப்படி ஏறி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் பிரிக்கவேண்டிய கோடு பவுலருக்கும் பேட்ஸ்மேனுக்கும் நடுவில் இல்லை. நிறையப் பந்து பார்த்த ஆள், கொஞ்சப் பந்து பார்த்த ஆள், இவர்களுக்கு நடுவில் இருக்கிறது.

இதே அளவுகோலை வைத்து 2018 வருணைப் பாருங்கள். டிஎன்பிஎல்லில் அவர் எகானமி 4.7. நான் சொன்ன சாதாரண பவுலரில் இருந்து 3 ரன் தள்ளி. 0.74ஐப் போல நாலு மடங்கு. இது அதிர்ஷ்டத்தில் வருகிற எண் இல்லை. கூடவே அந்த வருட விஜய் ஹசாரே குரூப் ஆட்டங்களில் 9 ஆட்டத்தில் 22 விக்கெட். ஆக 8.4 கோடி கொடுத்தவர்கள் தப்பாகப் பார்க்கவில்லை. சரியாகப் பார்த்து, சரியான ஆளை எடுத்து, ஒரு காயத்துக்கும் ஒரு ஓவருக்கும் பிறகு விட்டுவிட்டார்கள். மதிப்பீடு தோற்கவில்லை, பொறுமை தோற்றது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் நாம் கற்றுக்கொள்கிற பாடம் தலைகீழாகப் போய்விடும்.

ஏலம் வேறு, டிராஃப்ட் வேறு

பாம்பன் கரையில் மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்ப்பார், அழுத்திப் பார்ப்பார், பிறகுதான் விலை சொல்வார். கூடையில் இருப்பதற்குத்தான் விலை. புதுப் பையனை ஏலம் எடுப்பது இன்னும் பிடிக்காத மீனுக்கு விலை சொல்வது மாதிரி. பத்துப் பேர் ஆளுக்கொரு ஊகம் செய்கிறார்கள். அதில் யார் ரொம்ப அதிகமாக ஊகித்தாரோ அவர்தான் ஜெயிப்பார். ஜெயித்ததே அவர் அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டதற்கு அடையாளம்.

இதை முதலில் எழுதியவர்கள் விளையாட்டுக்காரர்கள் இல்லை, எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர்கள். 1971ல் கேபன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று பேர், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலத்தை ஏலம் எடுத்த கம்பெனிகள் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்க்கவில்லை என்று ஆராய்ந்தபோது கண்டது இது. 'வென்றவரின் சாபம்' என்று பெயர் வந்தது. ராமநாதபுரம் வழுதூரில் எரிவாயு மின்நிலையத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும். பூமிக்கு அடியில் எவ்வளவு இருக்கிறது என்பதும் பத்தொன்பது வயசுப் பையன் தோளில் எவ்வளவு இருக்கிறது என்பதும் ஒரே வகைக் கேள்விதான்.

டிராஃப்டிலும் சாபம் உண்டு. அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டை ஆராய்ந்த மேஸியும் தேலரும், முதல் இடங்களுக்கு அணிகள் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கின்றன என்று காட்டினார்கள். கூடைப்பந்தில் ஸ்டாவும் ஹோவாங்கும் 1995ல் இன்னொன்றைக் காட்டினார்கள்: முன்னாடி எடுக்கப்பட்ட பையனுக்கு, ஆட்டம் எப்படி இருந்தாலும், அதிக நேரம் ஆட வாய்ப்புக் கிடைக்கிறது. காசு போட்டாச்சே, உட்கார வைக்க மனசு வராது. அப்புறம் "பாருங்க, விலை கொடுத்தவன்தான் நிறைய ஆடியிருக்கான்" என்று புள்ளிவிவரம் வரும். விலையே வாய்ப்பை உண்டாக்கினால், அந்த வாய்ப்பை வைத்து விலையைச் சரி என்று சொல்வது சுற்றிச் சுற்றி வருகிற வாதம்.

கணக்கிலேயே வராதவர்கள்

இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுவான ஓட்டை. எடுக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணுகின்றன. நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பால்தான். வருண் நடுவில் கிரிக்கெட்டையே விட்டவர். இருவரும் ஏதோ ஒரு கட்டத்தில் யாரோ பார்த்ததால் கணக்குக்குள் வந்தார்கள். பார்க்கப்படாதவர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை.

ராமேஸ்வரத்தில் இருந்து சென்னை ரயிலில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. அந்த இரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலே தீவுக்குள் வரவில்லை. கிரிக்கெட்டில் ஒருவரைக் கவனிக்க வைக்கிற லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் சென்னையில். வேலையை விட்டு, சீசன் முழுக்க அங்கே தங்கி ஆட முடிகிறவன்தான் 'தரவு' ஆகிறான். ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பையனுக்கு அது லேசான காரியமா?

சரி, முகாமில் ஆறு பந்து போடச் சொன்னார்களே, அதில் என்ன தெரியும்? மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால், ஆறு பந்தில் எகானமி 3.9 மேலே கீழே ஆடும். 3.8ம் வரலாம், 11.6ம் வரலாம். ஒன்றும் தெரியாது என்பதைத்தான் இப்படி நீட்டிச் சொல்கிறேன். ஆறு பந்தில் நம்பி அளக்கக்கூடியது வேகம் ஒன்றுதான். அதனால்தான் எல்லா முகாமிலும் வேகமானியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 2008ல் நம் நாட்டிலேயே ஒரு பேஸ்பால் போட்டி நடத்தி, அந்தக் கருவியை வைத்து, ஈட்டி எறிகிற இரண்டு பையன்களைக் கண்டுபிடித்தார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டது. மெனக்கெட்டு ஆடினார்கள். ஆனால் இருவரும் மேஜர் லீக் வரை போகவில்லை. கருவி சொன்னது உண்மை. அது கேட்ட கேள்வி சின்னது. நடராஜனின் யார்க்கரும் வருணின் விரல் வித்தையும் அந்தக் கருவியில் பதியாது.

பவுலருக்கு உடம்பு ஆபத்து நிஜம் என்பதை மறுக்கவில்லை. இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்த ஆபத்து விலையில் கழிக்கவேண்டிய செலவு. ஆளையே கழித்துவிட அது காரணம் இல்லை.

தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. திட்டவிலக்கம் என்றால் எழுந்து போயிருப்பான். "ஆறு பந்துல உன்னை யாராலும் வேண்டாம்னு சொல்ல முடியாதுடா, வேணும்னும் சொல்ல முடியாது. அது அவங்களுக்கே தெரியும், நேரம் இல்ல, அவ்வளவுதான்" என்றேன். முதுகு வலிச்சா மறைக்காதே என்றும் சொன்னேன். அடுத்த வருஷம் ஏதாவது ஒரு லீக்கில், எவ்வளவு சின்ன டிவிஷனாக இருந்தாலும் சரி, முழு சீசன் ஆட வழி பார்க்கச் சொன்னேன். ஒரு 500 பந்தாவது நாலு பேர் எழுதி வைக்கிற ஸ்கோர் புத்தகத்தில் இருக்கட்டும். அதற்கப்புறம் வேண்டாம் என்று சொன்னால் அதில் கொஞ்சம் அர்த்தம் இருக்கும்.

"அதுக்கு மெட்ராஸ்ல தங்கணுமேண்ணே" என்றான்.

அதற்கு என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. ஜூன் 15 படகு கிளம்பிவிடும், அவனும் போகவேண்டும். ஏலத்தில் யாரை எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்று வருடா வருடம் பிரித்து மேய்கிற நாம், எத்தனை பேர் ஏல மேடைவரைக்கும் வரவே முடியவில்லை என்பதையும் ஒரு பத்தியாவது எழுதலாம். நானும் இத்தனை நாள் எழுதவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.